ஒரு நாற்காலிதானேம்மா

திருத்தணி,
ஆவணி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஷோபனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும். உன் நைனாவுக்கு என்மேல் கோபம், எனக்கு முழங்கால் வலி, உன் அண்ணன் எழிலனுக்கு விசைத்தறி மோட்டார் தகராறு. மற்றபடி சுகம். நாக்பூரில் மழை விட்டதா? மாப்பிள்ளைக்கு நைட் டியூட்டி மாறியதா? குழந்தைக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா என்று ஒரு போட்டோ அனுப்பு.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். நம் வீட்டு போன் எப்படி என்று உனக்குத் தெரியும். மணி அடித்ததும் உன் நைனா எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, கூடத்து நடுவில் வைத்துவிடுவார். நானும் நீயும் பேசுவதை வீடே கேட்கும், பக்கத்து வீடும் கேட்கும். உன் தாத்தா இறந்த அன்றும் அப்படித்தான் நீ சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். “ஒரு நாற்காலிதானேம்மா, குடுத்துடும்மா” என்றாய். சாவுக்கு வந்த சனம் அத்தனையும் என்னைச் சுற்றி நின்றது. நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். முழுக்கப் படி. பாதியில் வைத்துவிட்டுக் குக்கரை இறக்கப் போகாதே.

அதை வாங்குவதற்குக் காரணமே நீதான். போன தீபாவளிக்குப் பணம் அனுப்பி, “உனக்குப் பிடிச்சதை வாங்கிக்கோம்மா” என்றாய். நீ புடவையை நினைத்துச் சொல்லியிருப்பாய். எனக்கு எது பிடிக்கும் என்று யாரும் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. அதனால் யோசிக்கவே நாளாயிற்று.

படிப்பதற்கென்று இந்த வீட்டில் எனக்கு ஓர் இடம் இருந்ததில்லை. நீ பார்த்து வளர்ந்தவள்தான். தறிக்கொட்டகையில் நூல் மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். அடுப்படியில் சோறு வேகும்வரை தரையில் உட்கார்ந்து படித்தேன். கரண்ட் போய்த் தறி நின்றால் தெருவே மின்சாரக்காரர்களைத் திட்டும், நான் மட்டும் புத்தகத்தை எடுப்பேன். உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. கல்யாணமான புதிதில் உன் தாத்தா என் கையிலிருந்த நூலகப் புத்தகத்தைப் பிடுங்கிச் சாயத் தொட்டியில் போட்டார். தறிக்காரன் வீட்டு மருமகளுக்கு நூல்தான் தெரிய வேண்டுமாம். அரக்கு நிறத்தில் ஊறிப்போன அந்தப் புத்தகத்தைக் கொடியில் காயப்போட்டு, நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நூலகர் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். இன்றைக்கு நினைத்தாலும் முகம் எரிகிறது. பெரியவரைப் பற்றி உன்னிடம் சொல்லக் கூடாது என்று இருந்தேன். இப்போது அவர் இல்லை, சொல்கிறேன்.

இப்போது எனக்கு முழங்கால் மடங்குவதில்லை. தரையில் உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். வீட்டில் இருந்ததெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலிகள். டிவிக்கு எதிரில் இருப்பது உன் நைனாவுடையது. அதில் நான் உட்கார்ந்தால் “இன்னும் டீ போடலியா?” என்பார். மற்றவை வருகிறவர்களுக்கு என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அதில் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் முழங்கை வழுக்கும், முதுகு வளையும், கொஞ்ச நேரத்தில் இடுப்பு கழன்றுவிடும் போல வலிக்கும்.

அரக்கோணத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் தணிகைமணி என்பவர் பழைய மரச்சாமான் கடை வைத்திருக்கிறார். வீட்டைக் காலி செய்துகொண்டு போன ரயில்வேகாரர்கள் விற்ற கட்டில், பீரோ, நாற்காலி எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். மூட்டு டாக்டரிடம் போகும்போது பஸ்ஸிலிருந்து பார்த்து வைத்திருந்தேன். டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினேன். பையில் தண்ணீர் பாட்டில், கண்ணாடி, நூலகத்தில் எடுத்த புத்தகம். நாற்காலிக் கடைக்குப் புத்தகம் எதற்கு என்கிறாயா? செருப்பு வாங்கப் போகிறவள் காலை வீட்டிலா விட்டுவிட்டுப் போவாள்?

ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து ஒரு பக்கம் படித்துப் பார்த்தேன். தணிகைமணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இன்னாம்மா, சேர் வாங்க வந்தீங்களா, பரீச்சைக்குப் படிக்க வந்தீங்களா?” என்றார். அவர் கடையில் எல்லாமே பர்மா தேக்கு, எல்லாமே வெள்ளைக்காரன் காலத்தது. பலாப் பலகை என்று எனக்கே தெரிந்ததைக்கூட அவர் பர்மாவிலிருந்துதான் இறக்கினார்.

முதலில் நீளக் கை வைத்த சாய்வு நாற்காலியைக் காட்டினார். “துரைங்க காலைத் தூக்கிப் போட்டுகினு சுருட்டுக் குடிச்சதும்மா” என்றார். நான் அதில் உட்காரவில்லை, விழுந்தேன். புத்தகத்தை நெஞ்சின்மேல் வைத்தால் எழுத்து தெரியவில்லை, தூக்கிப் பிடித்தால் கை கடுத்தது. எழுவதற்கு அவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்தது ஏதோ ஆபீசின் சுழல் நாற்காலி. பக்கம் திருப்பும்போதெல்லாம் அதுவும் கூடவே திரும்பிக் கீச்சிட்டது. இன்னொன்று பார்க்க லட்சணமாக, பளபளவென்று பூ வேலையோடு இருந்தது. எழுந்தபோது ஜாக்கெட் முழங்கையில் பாலிஷ் ஒட்டிக்கொண்டு வந்தது. இதுவும் வெள்ளைக்காரன் காலத்துப் பாலிஷா என்று கையைக் காட்டினேன். “லைட்டா டச்சப் பண்ணோம்மா” என்று சொல்லித் துணியை எடுத்து நாற்காலியைத் துடைத்தார். என் கையைத் துடைக்கத் துணி கொடுக்கவில்லை.

பாதிக்கு மேல் என் கால் தரையில் படவே இல்லை. எல்லாம் உயரமான ஆண்களுக்காகச் செய்தவை. கால் தொங்கிக்கொண்டிருந்தால் மனசு கதையில் நிற்காது. அன்று வெறுங்கையோடு திரும்பினேன். டாக்டர் என்ன சொன்னார் என்று உன் நைனா கேட்டார். மறுபடி வரச் சொன்னார் என்றேன்.

மறுபடி போனபோதுதான் கிழிந்த மெத்தைகளுக்குப் பின்னால் அதைப் பார்த்தேன். பூ வேலை கிடையாது. உயர்ந்த முதுகு, லேசாகப் பின்னால் சாய்ந்திருந்தது. உட்காரும் இடம் பிரம்புப் பின்னல். அகலமான கைப்பிடி. முழங்கையை அதில் வைத்ததும் புத்தகம் தானாகக் கண்ணுக்கு நேரே வந்தது. என் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பட்டன. வலது கைப்பிடியில் மட்டும் மரம் தேய்ந்து, வழவழவென்று லேசாகக் குழிந்திருந்தது. “இது ஒரு டீச்சரம்மா வச்சிருந்ததுங்க. குட்டையா இருப்பாங்க” என்றார் தணிகைமணி. அவர் சொன்னதில் அதை மட்டும் நம்பலாம் என்று தோன்றியது. ஒரு பக்கம் படிக்க உட்கார்ந்தவள் ஓர் அத்தியாயத்தை முடித்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். பேரம் பேசவும் மறந்துபோனேன். கத்தரிக்காயைக்கூட நான் பேரம் பேசாமல் வாங்கியதில்லை என்று உனக்குத் தெரியும்.

டாடா ஏஸில் வந்து வாசலில் இறங்கியது. உன் பாஞ்சாலி அத்தை அன்று இங்கேதான் இருந்தாள். உன் நைனாவின் தங்கை வருகிற நாளெல்லாம் எனக்கு நல்ல நாள்தானே. வாயில் கை வைத்துக்கொண்டு, “இன்னா அண்ணி இது, பொணத்த உக்கார வைக்கிற சேரு மாதிரி கீது” என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் சனத்தில் இறந்தவரைப் படுக்க வைப்பதில்லை. நாற்காலியில் உட்கார வைத்து, துணியால் கட்டி, மாலை போட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே தூக்கிக்கொண்டு போய், அப்படியே குழியில் இறக்குவார்கள். அதற்கு இப்படித்தான் முதுகு உயர்ந்த, கை வைத்த மர நாற்காலியைத் தேடுவார்கள். பிறந்ததிலிருந்து எத்தனை சாவு பார்த்தவள் நான். கடைக்கு இரண்டு முறை போய் உட்கார்ந்து பார்த்தும் அது என் புத்திக்கு எட்டவில்லை. கால் தரையில் படுகிறதா, முழங்கை அமைகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யார் வீட்டில் இறங்கியிருந்தாலும் அது வெறும் பழைய நாற்காலி.

உன் நைனா அதை வாசற்படி தாண்ட விடவில்லை. பக்கத்துச் சந்து வழியாகக் கொண்டுபோய்த் தறிக்கொட்டகை ஓரத்தில் வைத்தார்கள். உன் தாத்தா கட்டிலில் இருந்தபடியே, “ஆருக்குடா ரெடி பண்ணிகினு கீறா உம் பொண்டாட்டி? எனக்கா?” என்று கேட்டு இருமி இருமிச் சிரித்தார். அதற்குப் பிறகு வீட்டுக்கு அதுவே வேடிக்கையாகிவிட்டது. நான் போய் உட்கார்ந்தால் எழிலன்கூட, “அம்மா, மாலை வாங்கியாரட்டுமா?” என்பான்.

எப்படியிருந்தாலும் எனக்கென்று ஓர் இடம் ஆயிற்று. மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்துவிட்டுப் போவேன். முதல் வேலை அதன்மேல் கிடப்பதை எடுப்பது. ஈர லுங்கி, நூல் கூடை, மோட்டார் துடைத்த எண்ணெய்த் துணி. பிணம் உட்காரும் நாற்காலி என்று தொடக் கூசியவர்களுக்கு ஈரத் துணி காயப்போட மட்டும் கூச்சமில்லை. எடுத்து வைத்துவிட்டு உட்காருவேன். பக்கத்தில் தறி ஓடினாலும் எனக்குக் காதில் விழாது. கல்யாணமானதிலிருந்து படித்ததைவிட இந்தச் சில மாதங்களில் அதிகம் படித்தேன் என்றால் நம்புவாயா?

இங்கே கரண்ட் வந்துவிட்டது. நூல் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி எழுதுகிறேன். நடுவில் உன் நைனா எட்டிப் பார்த்து, யாருக்குக் கடிதம் என்று கேட்டார். உனக்குத்தான் என்றேன். தறிப் பக்கம் போய்விட்டார்.

ஆடிக் கிருத்திகை அன்று காலை கஞ்சி குடித்துவிட்டுப் படுத்த உன் தாத்தா எழவில்லை. அன்றைக்குத் திருத்தணி எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலைப்படியிலிருந்து தெருமுனை வரை காவடி, அரோகரா. வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். இப்போதெல்லாம் சாவுச் சாமான் வாடகைக்கு விடுகிறவர் ஐஸ் பெட்டி, நாற்காலி, பூ எல்லாவற்றையும் அவரே கொண்டுவந்துவிடுவார். அவருடைய வண்டி கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. ஐஸ் பெட்டி இல்லாமல் வைத்திருக்கவும் முடியாது, உடம்பு விறைப்பதற்குள் உட்கார வைத்தும் ஆக வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துப் பார்த்தார்கள். அதன் கால் விரிந்து ஒரு பக்கம் சாய்ந்தது. எழிலன் பிடிக்காவிட்டால் தாத்தா தரையில் விழுந்திருப்பார்.

பாஞ்சாலி அத்தைதான் அழுகையை நிறுத்திவிட்டு, “அதான் கொட்டாயாண்ட ஒரு சேரு கீதே” என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன் நைனா பார்க்கவில்லை. நேராகப் போனார். நாற்காலிமேல் நான் பாதி படித்த புத்தகமும் கண்ணாடியும் இருந்தன. இரண்டையும் எடுத்துத் துவைக்கும் கல்மேல் வைத்தார். கல் ஈரமாக இருந்தது.

நான் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். “வேணாங்க. இது என்னுது” என்றேன். மாமனார் போன துக்கத்தில் மருமகளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று யாரோ ஒருத்தி சொன்னாள். “அம்மா, ஊரு சிரிக்கும்மா, வுடும்மா” என்று எழிலன் என் விரல்களைப் பிரித்தான். நான் மறுபடி பிடித்தேன். அந்த நேரத்தில்தான் நீ கூப்பிட்டாய். “உங்கம்மா சேர தரமாட்டேன்னு நின்னுகினு கீறா, நீயே கேளு” என்று உன் நைனா போனை ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் நீட்டினார். நீ சொன்னதை மேலே எழுதியிருக்கிறேன்.

நீ சொன்னதும் கையை எடுத்துவிட்டேன். எழிலன் பிரித்ததற்காக எடுக்கவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம்தான், மறைக்க மாட்டேன். உன் அத்தையோ அண்ணனோ சொன்னால் எனக்கு வலிக்காது, பழகிவிட்டது. நூல் மூட்டைமேல் நான் படிக்கும்போது என் மடியில் தலை வைத்து, அப்புறம் என்ன ஆச்சு, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டவள் நீ. பிள்ளைக்குப் பரீட்சை, வர முடியவில்லை, சரி. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அங்கே என்ன நடக்கிறது, ஏன் தரமாட்டேன் என்கிறாய் என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்.

என் கண் முன்னாலேயே அவரை அதில் உட்கார வைத்தார்கள். புது வேட்டியைக் கிழித்துக் கைப்பிடியோடு கையைச் சேர்த்துக் கட்டினார்கள். அந்த டீச்சரம்மாவின் கை தேய்த்த இடத்தில் உன் தாத்தாவின் வலது கை இருந்தது. என் புத்தகத்தைப் பிடுங்கிய கை. நான் விம்மி விம்மி அழுதேன். மாமனாருக்காக எப்படி உருகுகிறாள் பார் என்று எல்லோரும் மெச்சினார்கள். சனத்தில் இப்போது எனக்கு நல்ல பெயர்.

அப்படிப் போன நாற்காலி வீட்டுக்குத் திரும்பக் கூடாது. இடுகாட்டிலேயே விட்டுவிடுவார்கள், குழி வெட்டுகிறவருக்குச் சேரும். கருமாதி முடியும்வரை வாயைத் திறக்காமல் இருந்தேன். பந்தல் பிரித்த பிறகு ஆட்டோ வைத்துக்கொண்டு ஆற்றோர இடுகாட்டுக்குப் போனேன். பெண்கள் அங்கே போகக் கூடாது என்பார்கள். போனேன்.

குழி வெட்டுகிறவரின் மனைவி எல்லம்மாள் வேப்ப மரத்தடியில் என் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிரம்பு முன்பக்கம் அறுந்திருந்தது, கைப்பிடியில் கட்டிய தழும்பு தெரிந்தது. அதைத் திருப்பிக் கேட்டேன். “செத்தவங்க சேர கேட்டு இதுவரிக்கும் ஆரும் வந்ததில்லையே. இன்னாம்மா, நக கிக சொருவி வச்சிருந்தீங்களா?” என்று சிரித்தாள். இல்லை, நான் உட்கார்ந்து படிக்கிற நாற்காலி என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். “எனக்குந்தாம்மா இடுப்பு வலி. இத்த குடுத்துட்டு நான் எதுல உக்கார்றது?” என்றாள். நியாயம்தானே. அதே ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு என்னுடையதை வாங்கிக்கொண்டேன். அந்த இரண்டில் ஒன்று உன் நைனா டிவி பார்க்கும் நாற்காலி. அவசரத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்தேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் சொல்வதற்கென்ன, பார்த்துத்தான் எடுத்தேன்.

இந்த முறை சந்து வழியாகக் கொண்டுபோகவில்லை. நானும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி, வாசற்படி தாண்டி, கூடத்தில் ஜன்னல் ஓரம் வைத்தோம். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். அறுந்த பிரம்பின்மேல் பழைய போர்வையை மடித்துப் போட்டிருக்கிறேன். ஊதுவத்தி வாசனைதான் போகவில்லை. முதல் நாள் உட்காரப் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். எழுத்து ஓடவில்லை. வலது கையைக் கைப்பிடியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டே படித்தேன். போகப் போக அதுவும் சரியாகிவிட்டது.

வீட்டில் நடந்த ரகளையை எழுதினால் தாள் போதாது. பாஞ்சாலி அத்தை அன்றே பொதட்டூர்பேட்டைக்கு பஸ் ஏறிவிட்டாள். உன் நைனா கூடத்துக்கு வருவதில்லை. அறையில் இருந்தபடி டிவியைச் சத்தமாக வைக்கச் சொல்லிக் காதால் கேட்கிறார். எழிலனுக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்கிறார். நாற்காலிமேல் இப்போது ஈர லுங்கி கிடப்பதில்லை, கூடை வைப்பதில்லை. நான் அதில் இருக்கும்போது யாரும் டீகூடக் கேட்பதில்லை. சுவர் ஓரமாக ஒதுங்கிப் போகிறார்கள். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் கிடைக்காத அமைதி, பிணம் உட்கார்ந்து எழுந்த பிறகு எனக்குக் கிடைத்திருக்கிறது. இதைச் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் விட மனசில்லை.

நீ தசரா லீவுக்குக் குழந்தையோடு வருவதாகச் சொன்னாய் அல்லவா? இந்த நாற்காலி இருக்கிற வீட்டில் பேரப்பிள்ளை கால் வைக்கக் கூடாது என்கிறார் உன் நைனா. எடுக்க முடியாது என்றுவிட்டேன். “சரி, ஷோபனாவே சொல்லட்டும். அது சொன்னாத்தான் நீ கேப்ப” என்றார். அன்றைக்கு நான் ஏன் கையை எடுத்தேன் என்று இந்த வீட்டில் அவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அமாவாசை கழித்து உன்னைக் கூப்பிடப் போகிறார். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும்.

நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன். குழந்தை பயந்தால் மேலே போர்வை போட்டு மூடி வைக்கிறேன். இல்லை, எடுத்துவிடத்தான் வேண்டும் என்று நீ சொன்னால் எல்லம்மாளிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். ஏன் என்று உன்னைக் கேட்க மாட்டேன். அன்றைக்கும் கேட்கவில்லை.

மாப்பிள்ளைக்கு என் ஆசி. குழந்தைக்கு முத்தம். தணிகை மலையான் உன் குடும்பத்துக்குத் துணையிருக்கட்டும். உனக்கும் என் வயசு வரும்போது, கால் தரையில் பட உட்கார்ந்து படிக்க ஓர் இடத்தை அவன் யாரும் கேட்காமலே கொடுக்கட்டும்.

போன் ஸ்பீக்கரில்தான் இருக்கும். நான் ஜன்னல் ஓரம்தான் உட்கார்ந்திருப்பேன். பார்த்துப் பேசு, கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா
கோமளவல்லி